சோத்துக்கு வழி பண்ணின சி. சுப்பிரமணியம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



ஆண்டு விழாவில் ஆளுக்கு ஒரு தலைவரைப் பற்றிப் பேசணும் என்று தீர்மானம் போட்டார்கள். காந்தி, காமராசர், அன்னை தெரசா எல்லாம் முன்னாலேயே பேர் கொடுத்தவங்களுக்குப் போய்விட்டது. நான் சி. சுப்பிரமணியம் என்று எழுதிக் கொடுத்தேன். "யாருங்க அது?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டாங்க. நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து ஆள், இந்தியாவுக்கே சோறு போட வழி செய்தவர், அவரை நமக்கே தெரியவில்லை. அதனால்தான் அவரைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன்.

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். பெரிய அரசியல் எல்லாம் பேச வராது. நம்ம வீட்டுக்கும் நம்ம குழுவுக்கும் எது சம்பந்தமோ அதை மட்டும் சொல்கிறேன்.

அவர் பிறந்தது 1910 ஜனவரி 30. ஊர் பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையம். விவசாயக் குடும்பம். சென்னை மாநிலக் கல்லூரியில் அறிவியல் படித்து, அப்புறம் சட்டமும் படித்து வக்கீல் ஆனார். சுதந்திரப் போராட்டத்தில் சேர்ந்து, 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் சிறைக்குப் போனார். நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதின சபையிலும் உறுப்பினராக இருந்தார். 1952ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி மந்திரிசபையில் நிதியமைச்சர் ஆனார். அன்றைக்கு ஆரம்பித்தது, 1993 வரைக்கும் ஏதாவது ஒரு பொறுப்பில் இருந்துகொண்டே வந்தார், இல்லாவிட்டால் தோற்று வீட்டில் இருந்தார். இரண்டும் நடந்தது. அந்த இரண்டையும் சொன்னால்தான் முழுக் கதை.

முதலில் 1954ல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இது நம்ம கூட்டமைப்புக்கு ரொம்பத் தேவைங்க.

ராஜாஜி முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். அடுத்து யார் என்று காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் தேர்தல். ஒரு பக்கம் காமராசர். இன்னொரு பக்கம் நம்ம சி.எஸ். ராஜாஜியின் ஆதரவு சி.எஸ்.ஸுக்கு. ஓட்டு எண்ணினார்கள். காமராசருக்கு 93, சி.எஸ்.ஸுக்கு 41. நல்ல வித்தியாசத்தில் தோற்றார்.

நம்ம ஊரில் என்ன நடக்கும் சொல்லுங்க? ஜெயிச்சவங்க தோத்தவங்களை ஓரம் கட்டுவாங்க. தோத்தவங்க "இனிமே அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று இருந்துவிடுவாங்க. அங்கே அப்படி நடக்கவில்லை. காமராசர் தன்னை எதிர்த்து நின்றவரையே கூப்பிட்டு மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். அதுவும் சும்மா ஒரு இலாகா இல்லை. நிதியும் கல்வியும் கொடுத்தார். வீட்டுப் பணப்பெட்டிச் சாவியையும் பிள்ளைகளையும் ஒப்படைத்த மாதிரி. சி.எஸ்.ஸும் முறுக்கிக்கொண்டு நிற்கவில்லை. போய் வேலை செய்தார்.

அதனால் என்ன கிடைத்தது? 1956ல் பள்ளிக்கூடத்தில் மதிய உணவுத் திட்டம் வந்தது. காமராசர் ஆசைப்பட்டார் என்று நமக்குத் தெரியும். ஆசை மட்டும் பட்டால் பருப்பு வேகுமா? பணம் எங்கேயிருந்து வரும், எந்தப் பள்ளியில் ஆரம்பிப்பது, ஊர்க்காரர்களை எப்படிச் சேர்ப்பது என்று பார்க்கணும். நிதியும் கல்வியும் ஒரே ஆள் கையில் இருந்தது அதற்கு உதவி. கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஐயா ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார். மூன்று பேரும் சேர்ந்து இழுத்த தேர் அது. பின்னால் 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிசு பண்ணினார். இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிற அக்காக்கள் நாலு பேர் இருக்கீங்க. உங்க அடுப்பின் முதல் நெருப்பு, ஜெயிச்சவரும் தோத்தவரும் ஒண்ணா உட்கார்ந்ததால் மூட்டினது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், போன மாதம் நம்ம கூட்டமைப்பில் பொறுப்பாளர் தேர்வு நடந்தது. அதற்கு அப்புறம் இரண்டு ஊர்க் குழுக்கள் கூட்டத்துக்கு வரவில்லை. யார் என்று நான் சொல்ல வரவில்லை. அவங்களும் நம்ம சகோதரிகள்தான். கடைசியில் மறுபடி இதற்கு வருகிறேன்.

நம்ம பக்கத்துத் தண்ணிக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் அவர் சென்னையில் மந்திரியாக இருந்த காலத்தில்தான் வேலை எடுத்தது. மேற்கே போன தண்ணியைக் கிழக்கே திருப்பி வாய்க்காலில் விட்ட திட்டம். இன்றைக்கு நம்ம தென்னந்தோப்பு பச்சையாக இருக்கிறது என்றால் அதில் அவர் பங்கும் இருக்கு.

1962ல் பொள்ளாச்சித் தொகுதியில் நின்று ஜெயித்து டெல்லிக்குப் போனார். நேரு மந்திரிசபையில் எஃகு இலாகா. 1964ல் நேரு காலமானார். லால் பகதூர் சாஸ்திரி பிரதமர் ஆனார். அவர் சி.எஸ்.ஸிடம் உணவு, விவசாயம் இரண்டையும் கொடுத்தார். அந்தக் காலத்தில் உணவு இலாகா என்றால் பெரிய தலைவர்கள் பின்வாங்குவார்களாம். அதில் உட்கார்ந்தால் கெட்ட பேர்தான் மிஞ்சும் என்று பயம்.

ஏன் அப்படி? அன்றைக்கு நாட்டு நிலைமை அப்படி. 1964-65ல் இந்தியா முழுக்க விளைந்த தானியம் சுமார் 8.9 கோடி டன். அடுத்த வருஷம் மழை பொய்த்தது. 7.2 கோடி டன்னாக இறங்கிவிட்டது. ஒரே வருஷத்தில் அஞ்சில் ஒரு பங்கு போய்விட்டது. அஞ்சு பேர் சாப்பிடுகிற வீட்டில் ஒருத்தர் தட்டு காலி. யார் தட்டு முதலில் காலியாகும் என்று பெண்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மிச்சத்துக்கு அமெரிக்கக் கப்பலை எதிர்பார்த்து நின்றோம். பி.எல். 480 என்று ஒரு ஒப்பந்தம். 1966ல் வெளிநாட்டிலிருந்து வந்த தானியம் சுமார் 1 கோடி டன். கப்பல் துறைமுகத்துக்கு வந்தால்தான் ரேஷன் கடையில் மூட்டை இறங்கும். எங்க மாமியார் அப்போது சின்னப் பிள்ளை. ரேஷனில் செகப்புச் சோளம் போடுவாங்க, மைலோ என்று பேர், களி கிண்டினால் தொண்டையில் இறங்காது என்று இன்றைக்கும் சொல்வாங்க. வயசான அம்மாக்கள் இங்கே தலையாட்டுறீங்க, பாருங்க.

சாஸ்திரி நாட்டு மக்களிடம், வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விடுங்க என்று கேட்டார். திங்கட்கிழமை ராத்திரி ஓட்டல்களில் அடுப்பு எரியவில்லை. அது மட்டும் இல்லை. அன்றைக்கு அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன். அவர் தானியத்தை மொத்தமாகத் தர மாட்டார். மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுமதிப்பார். வியட்நாமில் அமெரிக்கா குண்டு போடுவதை இந்தியா கண்டித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த கப்பல் வருமா வராதா என்று இங்கே காத்துக்கொண்டு இருக்கணும்.

சகோதரிகளே, இது எது மாதிரி இருக்கு? நம்ம தெருவில் செவ்வாய்க்கிழமை காலையில் வாரக் கடன் வசூலுக்கு வண்டியில் வருகிறவர் ஞாபகம் வரவில்லையா? கடனாகத்தான் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒருத்தி தவணை குறைந்தால் மற்ற ஒன்பது பேரையும் எழுந்து போக விடாமல் வைத்திருப்பாங்களே, அந்த நேரத்தில் நம்ம குரல் எவ்வளவு சின்னதாகிவிடும்? ஒரு நாட்டுக்கே அந்த நிலைமை. அடுத்தவன் போட்டுத்தான் நம்ம உலை கொதிக்கணும் என்றால் நம்ம வாயால் நியாயம் கூடப் பேச முடியாது. சி.எஸ். இதை மாற்றணும் என்று இறங்கினார்.

எப்படி மாற்றினார் என்பதையும் பார்க்கலாம். பேசி மாற்றவில்லை. மூன்று நாலு வேலையை ஒன்றாகச் செய்தார்.

முதல் வேலை, விளைய வைத்தவனுக்கு விலை. 1965 ஜனவரியில் விவசாய விலைக் குழு அமைத்தார்கள். இவ்வளவு விலைக்குக் குறைந்து விற்கத் தேவையில்லை, அரசாங்கம் வாங்கிக்கொள்ளும் என்கிற ஏற்பாடு. குறைந்தபட்ச ஆதார விலை என்று இன்றைக்கு டிவியில் கேட்கிறோமே, அதற்கு வேர் அங்கேதான்.

இரண்டாவது, வாங்கிய தானியத்தை வைக்கவும் அனுப்பவும் ஒரு நிறுவனம். அதே 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் ஆரம்பித்தது. எங்கே தெரியுமா? நம்ம தஞ்சாவூரில். பொங்கல் அன்றைக்கு. நாம் ரேஷன் கடையில் பை பிடித்து நிற்கிறோமே, அந்த அரிசி வருகிற வழியில் இந்தக் கழகத்துக் குடோனும் இருக்கு.

மூன்றாவது, விஞ்ஞானிக்கு மரியாதை. அதுவரைக்கும் விவசாய ஆராய்ச்சிக் கழகத்துக்கு அதிகாரிகள்தான் தலைமை. 1965ல் முதல் தடவையாக ஒரு விஞ்ஞானி, பி.பி. பால் என்பவர், தலைமைக்கு வந்தார். வேலை தெரிஞ்சவங்க கையில் வேலையைக் கொடு என்கிற கொள்கை.

நாலாவது, விதை. மெக்சிகோ நாட்டில் நார்மன் போர்லாக் என்பவர் குட்டையான கோதுமை ரகம் கண்டுபிடித்திருந்தார். நம்ம பழைய கோதுமை உசரமாக வளரும். உரம் போட்டால் கதிர் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். குட்டை ரகம் சாயாது. கதிர் பெரிசு. நம்ம எம்.எஸ். சுவாமிநாதன் ஐயாவும் மற்ற விஞ்ஞானிகளும் இங்கே போட்டுப் பார்த்து, நல்லா வருது என்று சொன்னாங்க. ஆனால் எதிர்ப்பு நிறைய. வெளிநாட்டு விதை நம்ம மண்ணுக்கு ஆகாது என்று சிலர். உரத்துக்கும் விதைக்கும் அந்நியச் செலாவணி எங்கே என்று நிதி மந்திரி. பணக்கார விவசாயிதான் லாபம் பார்ப்பான் என்று இன்னும் சிலர். இந்தக் கடைசிக் கேள்வியில் நியாயமும் இருந்தது, பின்னால் சொல்கிறேன்.

சி.எஸ். என்ன பண்ணினார்? "நான் மந்திரி, சொன்னதைச் செய்" என்று சொல்லவில்லை. விவசாயிகளின் சொந்தக் காட்டிலேயே சின்னச் சின்னத் திடலாகப் போட்டுக் காட்டச் சொன்னார். பக்கத்துக் காட்டுக்காரன் கண்ணால் பார்க்கணும். டெல்லியில் தன் மந்திரி பங்களா முன்னால் இருந்த புல்வெளியையே உழுது அந்தக் கோதுமையை விதைத்தார். பார்க்க வருகிறவங்களுக்குக் காட்டினார். நம்ம குழுவிலும் இப்படித்தானே? காளான் வளர்க்கலாம் என்று பயிற்சியில் சொன்னபோது ஒருத்தரும் கை தூக்கவில்லை. ஒரு அக்கா வீட்டுக் கொட்டகையில் நாலு பை தொங்கவிட்டு, முதல் வெள்ளைப் பூ விட்டதும் பதினோரு பேர் பேர் கொடுத்தாங்க. கண்ணால் பார்த்தால்தான் பொம்பளைங்க நம்புவோம், விவசாயியும் அப்படித்தான்.

திடலில் விளைந்த பிறகு, 1966ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை இறக்குமதி பண்ணினார். அந்தக் காலத்தில் உலகத்தில் யாரும் அவ்வளவு விதையை ஒரே தடவையில் வாங்கினதில்லை. கையில் காசில்லாத நேரம், சுற்றிலும் எதிர்ப்பு. சாஸ்திரி துணை நின்றார். 1966 ஜனவரியில் சாஸ்திரி இறந்துவிட்டார். அப்புறம் வந்த இந்திரா காந்தியும் துணை நின்றார்.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. 1965ல் தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்புப் போராட்டம். மாணவர்கள் செத்தாங்க. டெல்லியில் மந்திரியாக இருந்த சி.எஸ்.ஸும் ஓ.வி. அளகேசனும் பிப்ரவரி மாதம் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டாங்க. இங்கிலீஷ் தொடரும் என்று சாஸ்திரி ரேடியோவில் உறுதி சொன்ன பிறகுதான் அந்த ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாங்க. ஊர்ப் பிள்ளைகளை விட நாற்காலி பெரிசில்லை என்று நினைத்தாங்க.

இப்போ நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமான இடம் வருது.

1967ல் தேர்தல். சி.எஸ். கோபிச்செட்டிபாளையம் தொகுதியில் நின்றார். தோற்றுப் போனார். அந்தத் தேர்தலில் அரிசிதான் பெரிய பேச்சு. அரிசித் தட்டுப்பாட்டைச் சொல்லித்தான் காங்கிரஸைத் தோற்கடித்தாங்க. விருதுநகரில் காமராசரே தோற்றார். பஞ்சத்தைத் தீர்க்கப் பாடுபட்ட உணவு மந்திரியை, சோறு இல்லை என்று சொல்லி ஜனங்கள் தோற்கடித்தாங்க. ஜனங்களைக் குறை சொல்ல முடியாது. வயிறு காய்ந்தவனிடம் அடுத்த வருஷம் விளையும் என்று சொல்ல முடியுமா?

ஆனால் அடுத்த வருஷம் விளைந்தது. 1965-66ல் நாட்டில் 1.04 கோடி டன் கோதுமை. 1967-68ல் 1.65 கோடி டன். வடக்கே வைக்க இடம் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு வகுப்பறையில் கோதுமையைக் கொட்டினாங்க. கோதுமைப் புரட்சி என்று இந்திரா காந்தி தபால் தலை வெளியிட்டார். 1969-70ல் 2 கோடி டன் ஆகிவிட்டது. நெல்லிலும் நம்ம தஞ்சாவூரில் ஆடுதுறை 27, அப்புறம் ஐ.ஆர்.8 எல்லாம் வந்தது. 1971ல் கிழக்கு வங்காளத்திலிருந்து சுமார் 1 கோடி அகதிகள் வந்தபோது நம்ம கையிருப்பிலிருந்து சோறு போட முடிந்தது.

அந்தக் கோதுமையை அறுத்தபோது உணவு மந்திரி நாற்காலியில் இருந்தவர் ஜகஜீவன் ராம். விதைச்ச சி.எஸ். பதவியில் இல்லை.

யோசித்துப் பாருங்க. தலைவி பொறுப்பு மூன்று வருஷம். முதல் வருஷம் அலைந்து திரிந்து பேங்க்கில் கடன் மனு கொடுத்தவங்க ஒருத்தர். கடன் வந்து மாலை போட்டுப் போட்டோ எடுக்கிறபோது நாற்காலியில் இருக்கிறவங்க வேறொருத்தர். "நான் அலைஞ்சேன், பேர் அவங்களுக்கா?" என்று மனசு வலிக்கும். வலிக்கத்தான் செய்யும். ஆனால் கோதுமைக்கு யார் மந்திரி என்று தெரியாது. விளைந்தால் வயிறு நிறையும், அவ்வளவுதான்.

சி.எஸ். தோற்றதும் முடங்கிவிடவில்லை. 1969ல் காங்கிரஸ் உடைந்தபோது காமராசர் ஒரு பக்கம், இவர் இந்திரா காந்தி பக்கம். மறுபடி மக்களவைக்குப் போனார், மறுபடி மந்திரி ஆனார். 1974லிருந்து 1977 வரை நாட்டின் நிதியமைச்சர். அந்தக் காலத்தில் நமக்கு நேராகச் சம்பந்தப்பட்ட ஒன்று நடந்தது. 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில் கிராம வங்கிகள் ஆரம்பித்தன. டவுன் பேங்க் வாசலில் நிற்கப் பயந்த சின்ன விவசாயிக்கும் கூலிக்காரருக்கும் கைவேலைக்காரருக்கும் கடன் கொடுக்கத்தான் அந்த வங்கி. இன்றைக்குத் தமிழ்நாடு கிராம வங்கி என்று இருப்பது அந்தக் கொடியில் காய்த்ததுதான்.

அங்கேயிருந்து நம்ம குழுவுக்கு வருகிற பாதையைச் சொல்கிறேன். 1982ல் நபார்டு வங்கி வந்தது. 1989ல் தர்மபுரி மாவட்டத்தில் அரசாங்கம் மகளிர் குழுக்களை ஆரம்பித்தது. 1992ல் குழுக்களுக்கு வங்கி நேராகக் கடன் கொடுக்கலாம் என்று நபார்டு திட்டம் போட்டது. ஏழைக்கும் வங்கி என்கிற எண்ணம் முன்னாலேயே வேர் விட்டிருந்ததால்தான் பத்திரம் இல்லாமல், நகை இல்லாமல், பன்னிரண்டு பொம்பளைங்க கையெழுத்தையும் தீர்மானப் புத்தகத்தையும் நம்பி மேனேஜர் பணம் கொடுக்கிறார்.

பால் ஊற்றுகிறவங்களுக்கும் ஒன்று சொல்லணும். தேசிய பால்வள வாரியம் குஜராத்தில் ஆனந்த் என்கிற ஊரில் 1965ல் அமைந்ததும் இவர் விவசாய மந்திரியாக இருந்த காலம்தான். பால் கூட்டுறவு சங்கம் ஊர் ஊராக வந்ததற்கு அந்த வாரியம் பெரிய காரணம்.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பேச்சு இல்லை, மாலை போடுவது. இரண்டு விஷயம் மறைக்காமல் சொல்லணும்.

ஒன்று, 1975லிருந்து 1977 வரை நாட்டில் நெருக்கடி நிலை. தலைவர்களை எல்லாம் சிறையில் போட்டாங்க, பத்திரிகைக்குத் தணிக்கை. அந்த மந்திரிசபையில் சி.எஸ்.ஸும் இருந்தார். ராஜினாமா கடிதம் எழுதத் தெரிந்தவர் அப்போது எழுதவில்லை.

இன்னொன்று, அந்தப் புது விதையின் மறுபக்கம். குட்டை ரகத்துக்குத் தண்ணி நிறைய வேணும், யூரியா வேணும், மருந்து வேணும். தண்ணி வசதி இருந்தவங்க முன்னேறினாங்க. மானாவாரிக் காட்டுக்காரங்க அப்படியே நின்றாங்க. பஞ்சாபில் நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. நம்ம பக்கம் மட்டும் என்ன? போர் போட ஆயிரம் அடி என்கிறாங்க. அரிசியும் கோதுமையும் நிறைந்தபோது கம்பும் ராகியும் சாமையும் காட்டை விட்டுப் போய்விட்டது. ரத்தசோகை என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறபோது நம்ம பாட்டி குடித்த கம்பங்கூழை டாக்டரே எழுதித் தருகிறார். பஞ்ச காலத்துக்கு அந்த விதை மருந்து. மருந்தை ஆயுசு முழுக்க அதே அளவில் சாப்பிட முடியாது. சுவாமிநாதன் ஐயாவே 1968லேயே, மண்ணையும் தண்ணியையும் பார்க்காமல் இப்படியே போனால் ஆபத்து என்று எச்சரித்தார். அதைக் கேட்காதது பின்னால் வந்தவங்க எல்லோரும்.

அதனால் அவர் செய்தது தப்பு என்று ஆகிவிடாது. அன்றைக்குக் குழந்தை பசியில் அழுதது. அடுப்பு பற்ற வைத்தவரிடம், புகை வருதே என்று இன்றைக்குக் கேட்கலாம். புகைபோக்கி வைக்க வேண்டியது நம்ம வேலை.

1979ல் கொஞ்ச காலம் பாதுகாப்பு மந்திரியாக இருந்தார். 1990ல் மகாராஷ்டிரா கவர்னர் ஆனார். பிரதமரைப் பற்றி அவர் தனியாகப் பேசியது பத்திரிகையில் வந்துவிட, 1993ல் அந்தப் பதவியை விட்டு இறங்கினார். அப்போது வயசு 82. 1998ல் பாரத ரத்னா விருது. அதே வருஷம் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவுக்கும் அந்த விருது கிடைத்தது. 2000 நவம்பர் 7ல் சி.எஸ். காலமானார். 2010ல் அவர் நூற்றாண்டுக்கு அவர் முகம் போட்டு அரசாங்கம் 5 ரூபாய் நாணயம் வெளியிட்டது. சேமிப்புப் பணம் எண்ணுகிறபோது அந்த நாணயம் கைக்கு வந்தால், இவர்தான் அவர் என்று உங்க பிள்ளைகளுக்குக் காட்டுங்க.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டு உட்காருகிறேன். மூன்று விஷயம்.

முதலில் கடன் விஷயம். நம்ம குழுவிலேயே சந்தா கட்டிக்கொண்டு, உள்கடன் சீக்கிரம் கிடைக்காததால் வெளியே வாரக் கடன் வாங்கினவங்க இருக்காங்க. ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக்கூட ஃபீஸ், இதுக்கெல்லாம் அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்க முடியாது. ஒவ்வொரு குழுவும் சேமிப்பில் ஒரு பங்கை அவசரத்துக்கு என்று தனியாக வைத்து, கேட்ட மறுநாளே கொடுக்கிற மாதிரி கூட்டமைப்பு ஒரு விதி போடணும். அடுத்தவன் கப்பலை எதிர்பார்த்து நிற்காமல் நம்ம குடோனில் கொஞ்சம் இருக்கட்டும். இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எங்க குழு கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கு.

அடுத்தது, திடல். கம்பும் ராகியும் மறுபடி போடலாம் என்று எல்லோரும் பேசுகிறோம், ஒருத்தரும் போடுவதில்லை. நம்ம உறுப்பினர்களில் காடு இருக்கிறவங்க நாலு பேர் ஆளுக்கு ஒரு கால் ஏக்கர் போடட்டும். வேளாண்மை அலுவலகத்தில் மண் பரிசோதனை பண்ணிக்கொண்டு ஆரம்பிக்கலாம். விளைவதைக் கூட்டமைப்பு வாங்கி, சத்து மாவு பண்ணுகிற குழுவுக்குக் கொடுக்கட்டும். விலையை விதைக்கும் முன்னாலேயே பேசிவிடணும். விலை சொல்லாமல் விதை என்று சொன்னால் யாரும் விதைக்க மாட்டாங்க, அது 1965லேயே தெரிஞ்ச விஷயம்.

கடைசியாக, வராமல் இருக்கிற அந்த இரண்டு குழுக்கள். இந்த மேடையில் புதுத் தலைவி அக்கா இருக்கீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, நான் வயசில் சின்னவள். காமராசர் செய்த மாதிரி நீங்களே அவங்க வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்க. சும்மா வந்து உட்காருங்க என்று கூப்பிட்டால் வர மாட்டாங்க. கடன் குழுவோ கொள்முதல் குழுவோ, நல்ல பொறுப்பாகவே கொடுத்துக் கூப்பிடுங்க. அவங்களில் ஒருத்தர் ஒன்பது வருஷம் கணக்குப் புத்தகம் எழுதினவங்க, ஒரு ரூபாய் பிசகினதில்லை. அந்தக் கையை நாம் இழந்துவிடக் கூடாது.

இந்தப் புத்தகம் அச்சாகி அவங்க வீட்டுக்கும் போகும். படிக்கிறபோது அவங்களுக்கும் ஒரு வார்த்தை. அக்கா, 41 ஓட்டு வாங்கினவர்தான் பின்னால் இந்த நாட்டுக்கே விதை வாங்கினார். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, காலையில் பத்தரை மணிக்குக் கூட்டம். உங்க இடத்தில் யாரும் உட்கார மாட்டோம்.